எச்டிஏ எங்கே போனது?

2011 மார்ச் மாதம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு இன்னும் இரண்டே நாள். இந்த மாதிரி நேரத்தில் புத்தியுள்ளவன் எவனும் கம்ப்யூட்டரில் கை வைக்க மாட்டான். அவன் வைத்தான். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த டெபியன் 5-ஐ டெபியன் 6-க்கு அப்கிரேடு செய்தான்.

ஏன் என்று கேட்டால் சொல்லிக்கொள்ளும்படி காரணம் எதுவும் இல்லை. பிப்ரவரி 6-ம் தேதி டெபியன் 6 வெளிவந்துவிட்டது. பக்கத்து ரூம்காரன் மாறிவிட்டான். அவ்வளவுதான் :)

பெட்டி என்னவோ பழைய பெட்டி. அண்ணன் 2004-ல் வாங்கி, வேலை கிடைத்ததும் தம்பிக்குத் தள்ளிவிட்ட அசெம்பிள்டு பிசி. உள்ளே பட்டையான கேபிளில் தொங்கும் 40 ஜிபி ஐடிஇ ஹார்ட் டிஸ்க். லினக்ஸ் முழுக்க அதில்தான் இருந்தது. இடம் போதாமல் பிற்பாடு செகண்ட் ஹேண்டில் ஒரு 160 ஜிபி சாட்டா டிஸ்க் வாங்கிப் போட்டு, ஹோம் அடைவை அங்கே மாற்றியிருந்தான். ப்ராஜெக்ட் கோடு, ரிப்போர்ட், நாலு வருட ஹாஸ்டல் போட்டோக்கள் எல்லாம் அந்த 160-ல். பென் டிரைவில் ஒரு காப்பி உண்டு. ஆனால் அது மூன்று வாரம் பழசு. ப்ராஜெக்டில் பாதி வேலை நடந்ததே அந்த மூன்று வாரத்தில்தான்.

ராத்திரி முழுக்க டவுன்லோடு ஓடியது. மறுநாள் சாயங்காலம் இன்ஸ்டால் ஆரம்பித்தது. நடுநடுவே நீலத் திரையில் கேள்விகள். அதில் ஒன்று கொஞ்சம் நீளம்: புதிய கர்னலில் சில ஐடிஇ கன்ட்ரோலர்களுக்கு டிரைவர் மாறுகிறது, டிஸ்குகளின் பெயர்கள் மாறலாம், கான்ஃபிக் ஃபைல்களில் இருக்கும் பெயர்களைத் திருத்திவிடட்டுமா என்று கேட்டது. அவன் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு 'நோ' கொடுத்தான். கான்ஃபிக் ஃபைலை மாற்றவா என்று எது கேட்டாலும் 'நோ' என்பது அவன் வழக்கம். கையால் பார்த்துப் பார்த்து எழுதிய ஃபைல்களை அழித்துவிடுமோ என்ற பயம். பொதுவாக அது நல்ல பழக்கம்தான். அன்றைக்கு மட்டும் இல்லை.

ரீபூட்.

கறுப்புத் திரை. அரை நிமிடம் போல ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, எச்டிஏ1 என்ற சாதனமே இல்லை, ஷெல்லுக்குப் போகிறேன் என்று ஒரு செய்தி. கீழே இனிட்ராம்எஃப்எஸ் என்று அடைப்புக்குறிக்குள் ஒரு ப்ராம்ப்ட். முந்தின நாள் வரை லினக்ஸ் குடியிருந்த எச்டிஏ1-ஐ இப்போது அப்படி ஒன்று கிடையாது என்கிறது மெஷின்.

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, எச்டிஏ எங்கே போனது என்று பார்த்துவிடலாம். இல்லாவிட்டால் அவன் அடுத்து செய்த தவறு புரியாது.

லினக்ஸில் டிஸ்குகளுக்குப் பெயர் வைக்க வெகுகாலம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஐடிஇ டிஸ்க் என்றால் பெயர் எச்டி என்று தொடங்கும். ஸ்கஸி டிஸ்க் என்றால் எஸ்டி. கடைசி எழுத்துதான் எந்த டிஸ்க் என்று சொல்லும். பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கடைசி எழுத்துக்கு இரண்டிலும் அர்த்தம் வேறு.

ஐடிஇ-யில் அந்த எழுத்து ஒரு விலாசம். மதர்போர்டில் இரண்டு சாக்கெட், ஒவ்வொன்றிலும் ஒரு கேபிள், ஒரு கேபிளுக்கு இரண்டு பேர். முதல் கேபிளின் மாஸ்டர் எச்டிஏ, ஸ்லேவ் எச்டிபி. இரண்டாம் கேபிளின் மாஸ்டர் எச்டிசி, ஸ்லேவ் எச்டிடி. முதல் கேபிளில் ஒரே ஒரு டிஸ்க் இருந்தாலும் இரண்டாம் கேபிளில் இருக்கும் சிடி டிரைவ் எச்டிசிதான், முன்னால் இடம் காலி என்று எச்டிபி-க்கு நகராது. வீடு காலியாக இருந்தாலும் கதவு எண் அப்படியே இருப்பது போல. டிஸ்க்கின் முதுகில் இருக்கும் ஜம்பரைப் பிடுங்கி மாற்றினால் ஒழியப் பெயர் மாறாது.

ஸ்கஸியில் அது விலாசம் இல்லை, டோக்கன். டாக்டர் கிளினிக்கில் முதலில் வந்தவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு. கர்னல் முதலில் கண்டுபிடிக்கும் டிஸ்க் எஸ்டிஏ, அடுத்தது எஸ்டிபி. நாளைக்கு வேறொருவர் முந்திக்கொண்டால் உங்கள் டோக்கன் எண் மாறிவிடும். ஆள் அதே ஆள்தான்.

சாட்டா டிஸ்குகள் வந்தபோது அவற்றுக்காக ஜெஃப் கார்ஸிக் லிப்ஏடிஏ என்ற புதிய டிரைவர் தொகுப்பை எழுதினார். அதைத் தனியாக நிறுத்தாமல் ஏற்கனவே இருந்த ஸ்கஸி அடுக்கின் மேல் உட்கார வைத்தார். அதனால் சாட்டா டிஸ்குகளுக்கும் எஸ்டி பெயர்தான் வந்தது. பழைய ஐடிஇ டிரைவர் தன் பாட்டுக்குத் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரே வேலைக்கு இரண்டு தொகுப்பு எதற்கு என்று, பழைய ஐடிஇ கன்ட்ரோலர்களுக்கும் லிப்ஏடிஏ-வின் கீழே டிரைவர்கள் எழுதப்பட்டன. ஆலன் காக்ஸ் அதில் பெரும் பங்கு செய்தார். 2006 நவம்பரில் வெளிவந்த 2.6.19 கர்னலில் அவை சேர்ந்தன. அதன் பிறகு புதிய டிரைவருக்கு மாறிய எந்தக் கம்ப்யூட்டரிலும் எச்டிஏ கிடையாது. கேபிள் அதே கேபிள், டிஸ்க் அதே டிஸ்க், பெயர் மட்டும் எஸ்டி.

இந்த மாற்றம் எல்லோருக்கும் ஒரே நாளில் வரவில்லை. உபுண்டு 7.04-ம் ஃபெடோரா 7-ம் 2007-லேயே மாறிவிட்டன. நிதானமே குணமான டெபியன் 2011 வரை காத்திருந்தது. மாறியவர்களுக்கு விதவிதமான தலைவலி. ஐடிஇ டிஸ்க் ஒன்றில் 63 பார்ட்டிஷன் வரை இருக்கலாம். எஸ்டி-யில் அப்போது 15-தான். ஒரே டிஸ்க்கில் பத்து லினக்ஸ்களை அடுக்கி வைத்திருந்த ஆர்வக்கோளாறுகளுக்குப் பதினாறாவது பார்ட்டிஷன் திடீரென்று காணாமல் போனது. 2008 டிசம்பரில் வந்த 2.6.28 கர்னலில்தான் அந்த வரம்பு தளர்ந்தது. சிடி டிரைவ் எச்டிசி-யிலிருந்து எஸ்ஆர்0 ஆனது. எச்டிஏ என்று எழுதி வைத்திருந்த பூட் லோடர் வரிகள், ஸ்வாப் வரிகள், ஹைபர்னேட் வரிகள் எல்லாம் ஆளில்லாத வீட்டுக்குப் போட்ட தபால் ஆயின.

சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இது புதிதில்லை. பழைய எண் 14, புதிய எண் 31 என்று ஒரே வாசலில் இரண்டு எண்கள் இருக்கும். பழைய 31 இருக்கும் வீடு நாலு வாசல் தள்ளி. விலாசச் சீட்டில் வெறும் 31 என்று இருந்தால் எந்தக் கதவைத் தட்டுவது? அவனுக்கு நடந்தது சரியாக இதுதான்.

கதைக்கு வருவோம்.

பக்கத்து ரூம்காரன் வந்து பார்த்தான். "மச்சி, எச்டிஏ எல்லாம் இப்போ எஸ்டிஏ ஆயிடுச்சுடா. மாத்திப் போடு" என்றான். சொன்னது சரி. ஆனால் அவனுடைய பெட்டியில் ஒரே ஒரு டிஸ்க்தான்.

பூட் மெனுவில் கர்னல் வரியைத் திருத்தி எச்டிஏ1 என்பதை எஸ்டிஏ1 ஆக்கினார்கள். பாதி வரை பூட் ஆனது. பிறகு எஃப்எஸ்டேப் ஃபைலில் இன்னும் எச்டிஏ1 என்றே இருப்பதால் டிஸ்க் சோதனை தோற்று, பராமரிப்பு ஷெல்லில் வந்து நின்றது. அங்கே ஒரே கட்டளையில் ஃபைல் முழுக்க எச்டிஏ-க்களை எஸ்டிஏ-க்களாக மாற்றினான். மறுபடி ரீபூட். இந்த முறை லாகின் திரை வரை வந்துவிட்டது. சந்தோஷத்தில் பக்கத்து ரூம்காரன் தூங்கப் போய்விட்டான்.

பெயர், பாஸ்வேர்டு அடித்தான். உங்கள் ஹோம் அடைவு இல்லை என்றது திரை.

ப்ராஜெக்ட் இல்லை. ரிப்போர்ட் இல்லை. ஒன்றுமே இல்லை.

நடந்தது என்ன என்று இப்போது நிதானமாகச் சொல்லிவிடலாம். அப்கிரேடுக்கு முன்னால் 40 ஜிபி டிஸ்க்தான் எச்டிஏ. எஸ்டிஏ என்ற பெயரும் ஏற்கனவே அந்தப் பெட்டியில் இருந்தது. அதுதான் அந்த 160 ஜிபி சாட்டா. ஹோம் அடைவுக்கான வரியில் எஸ்டிஏ1 என்று எழுதியிருந்தது. புதிய கர்னல் ஐடிஇ கன்ட்ரோலரை முதலில் எட்டிப் பார்த்ததால் 40 ஜிபி-க்கு எஸ்டிஏ டோக்கன் கிடைத்தது. 160 ஜிபி-க்கு எஸ்டிபி. இப்போது எஃப்எஸ்டேப்பில் இரண்டு எஸ்டிஏ1. ஒன்று சிஸ்டத்துக்கு, ஒன்று ஹோமுக்கு. லினக்ஸ் சொன்னதைச் செய்தது. சிஸ்டம் பார்ட்டிஷனையே ஹோமிலும் இரண்டாம் முறை மாட்டியது.

டிஸ்க் சோதனை இதைப் பிடித்திருக்க வேண்டாமா என்றால், பிடித்திருக்கும். ஆனால் அந்த ஹோம் வரி அவன் கையால் சேர்த்த வரி. கடைசியில் இரண்டு பூஜ்யம் போட்டு முடித்திருந்தான். இரண்டாவது பூஜ்யத்துக்கு இந்தப் பார்ட்டிஷனைச் சோதிக்க வேண்டாம் என்று அர்த்தம்.

ஆக 160 ஜிபி டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட அழியவில்லை. அதை யாரும் தொடவே இல்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி, இது அவனுக்கு எப்படித் தெரியும்? ஹோம் அடைவு கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தான். சிஸ்டத்தைப் புதிதாக இன்ஸ்டால் செய்துவிட்டு, பிறகு 160-லிருந்து எதையாவது மீட்கப் பார்க்கலாம் என்று முடிவு செய்தான். இன்ஸ்டால் சிடியைப் போட்டான்.

எந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்வது என்று கேட்கும் திரை வந்தது. எஸ்டிஏ, எஸ்டிபி என்று இரண்டு வரிகள். மூன்று வருடமாக அவன் மனதில் ஒரே ஒரு விதிதான் இருந்தது: எஸ்டிஏ என்பது டேட்டா டிஸ்க், அதைத் தொடவே கூடாது. அப்படியானால் ஃபார்மட் செய்ய வேண்டியது மற்றது. கர்சரை எஸ்டிபி-க்குக் கொண்டுபோனான்.

சிடி டிரைவ் போட்ட சத்தத்தில் விழித்துக்கொண்ட ரூம்மேட் போர்வைக்குள்ளிருந்தே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு லினக்ஸ் தெரியாது. மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்.

"டேய், உன் பெரிய டிஸ்க் 160 தானே?"

"ஆமா."

"நீ நிக்கிற இடத்துல 160ன்னு போட்டிருக்கே?"

விரல் என்டர் கீயின் மேலேயே நின்றது. எஸ்டிஏ பக்கத்தில் 40 ஜிபி. எஸ்டிபி பக்கத்தில் 160 ஜிபி. அவன் கர்சர் 160-ன் மேல்.

சிடியை வெளியே எடுத்தான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை.

மறுபடி ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே பூட் செய்து, ரூட் கணக்கில் நுழைந்தான். ரூட்டின் அடைவு ஹோமுக்குள் இல்லாததால் அதில் பிரச்சினை இல்லை. இரண்டாம் முறை மாட்டியிருந்ததைக் கழற்றினான். பிஎல்கேஐடி என்ற கட்டளையை அடித்தான். ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் ஒரு வரி, அதில் யூயூஐடி என்று நீளமாக ஒரு எண். ஃபார்மட் செய்யும்போதே அந்தப் பார்ட்டிஷனுக்குள் எழுதப்படும் 128 பிட் அடையாளம். கோடுகளையும் சேர்த்தால் 36 எழுத்து. டிஸ்க்கை எந்தக் கேபிளில் மாட்டினாலும், எந்த டிரைவர் வந்தாலும், வேறு கம்ப்யூட்டருக்கே கொண்டுபோனாலும் அது கூடவே வரும். அது கதவு எண்ணும் இல்லை, டோக்கனும் இல்லை. உடம்பிலேயே இருக்கும் மச்சம் மாதிரி.

36 எழுத்தைப் பார்த்துப் பார்த்து அடிக்க முடியாது என்று, அந்தக் கட்டளையின் விடையை அப்படியே எஃப்எஸ்டேப்பின் கடைசியில் ஒட்டினான். அம்புக்குறி இரண்டு போட வேண்டும். ஒன்று மட்டும் போட்டால் பழைய ஃபைல் காலி. அன்றைக்கு மூன்று முறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் என்டர் தட்டினான். பிறகு எடிட்டரில் திறந்து, எஸ்டிஏ1, எஸ்டிஏ5 என்று இருந்த இடங்களில் எல்லாம் யூயூஐடி வைத்தான். பூட் மெனுவிலும் அப்படியே.

மவுண்ட் செய்து பார்த்தான். ப்ராஜெக்ட் இருந்தது. ரிப்போர்ட் இருந்தது. போட்டோக்கள் இருந்தன. மணி மூன்றரை. முதல் வேலையாகப் பென் டிரைவில் காப்பி எடுத்தான்.

மேலே அவன் 'நோ' சொன்ன அந்த நீலத் திரை கேட்டது இதைத்தான். பெயர்களை எடுத்துவிட்டு யூயூஐடி போட்டுத் தரட்டுமா என்று. 'எஸ்' என்று ஒரு பட்டன் தட்டியிருந்தால் கதையே இல்லை :(

இதெல்லாம் பழைய கதை, இப்போது யார் வீட்டில் ஐடிஇ டிஸ்க் இருக்கிறது என்று கேட்கலாம். நியாயம்தான். பழைய ஐடிஇ டிரைவரையே 2021-ல் வந்த 5.14 கர்னலில் மொத்தமாகத் தூக்கிவிட்டார்கள். ஆனால் பெயர் மாறும் வியாதி போகவில்லை. எஸ்எஸ்டி மாற்றினால் எஸ்டிஏ இருந்த இடத்தில் என்விஎம்இ என்று தொடங்கும் பெயர் வருகிறது. மெய்நிகர் கணினிக்குள் டிரைவரை விர்ட்டியோவுக்கு மாற்றினால் விடிஏ. அமேசானின் கிளவுடில் பழைய வகை சர்வரில் எக்ஸ்விடிஏ என்றிருந்த டிஸ்க், புதிய வகைக்கு மாறினால் என்விஎம்இ ஆகிவிடும். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு சாட்டா டிஸ்க் இருந்தால், ஒரு பூட்டுக்கும் அடுத்த பூட்டுக்கும் நடுவிலேயே எஸ்டிஏ-வும் எஸ்டிபி-யும் இடம் மாறிக்கொள்ள வாய்ப்புண்டு. டோக்கன் டோக்கன்தான்.

அதனால் அப்கிரேடு செய்யும் முன் பார்க்க வேண்டியவை:

1. எஃப்எஸ்டேப்பிலும் பூட் லோடர் வரியிலும் எச்டி, எஸ்டி, என்விஎம்இ என்று நேரடிப் பெயர் இருந்தால் யூயூஐடி-யாகவோ லேபிளாகவோ மாற்றிவிடுவது. லேபிள் என்பது பார்ட்டிஷனுக்கு உரிமையாளரே வைக்கும் செல்லப்பெயர். படிக்க எளிது. இரண்டு பார்ட்டிஷனுக்கு ஒரே பெயர் வைக்காத வரை நல்லது.

2. ஹைபர்னேட்டுக்கான ஸ்வாப் எங்கே என்று எழுதிய வரியையும் பார்ப்பது. பலரும் மறப்பது இதைத்தான்.

3. சொந்தமாக எழுதிய பேக்கப் ஸ்கிரிப்டுகள். எஸ்டிபி-க்கு எழுது என்று ஒரு ஸ்கிரிப்ட் இருந்து, எஸ்டிபி வேறு ஆளாகிவிட்டால், காப்பாற்ற எழுதிய ஸ்கிரிப்டே கொன்றுவிடும்.

4. ஃபார்மட் செய்யும் எந்தக் கட்டளைக்கும் முன்னால் பெயரைப் பார்க்காமல் அளவையும் மாடலையும் பார்ப்பது. மெக்கானிக்கல் ரூம்மேட் எப்போதும் விழித்திருக்க மாட்டான்.

யூயூஐடி-யும் சர்வரோக நிவாரணி இல்லை. பார்ட்டிஷனை மறுபடி ஃபார்மட் செய்தால் அது புதிதாகிவிடும். ஒரே பெட்டியில் இரண்டாவது லினக்ஸ் போடும்போது பொதுவான ஸ்வாப்பை அது ஃபார்மட் செய்து தொலைக்க, முதல் லினக்ஸ் பூட்டாகும்போது இல்லாத ஸ்வாப்புக்காக ஒன்றரை நிமிடம் காத்துக்கிடப்பது இன்றும் நடக்கிறது. டிஸ்க்கை அச்சு அசலாக நகல் எடுத்தால் மச்சமும் சேர்ந்து நகலாகிவிடும். இரண்டையும் ஒன்றாக மாட்டினால் லினக்ஸ் எதைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. நகல் எடுத்ததும் ஒன்றின் எண்ணை மாற்றிவிட வேண்டும்.

ரிவ்யூ நல்லபடியாக முடிந்தது. வந்த எக்ஸ்டர்னல் டேட்டாபேஸ் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். அவன் கண்கள் ஏன் அப்படிச் சிவந்திருக்கின்றன என்று கேட்கவில்லை. அன்று சாயங்காலம் பெட்டியைத் திறந்து, மார்க்கர் பேனாவால் ஒரு டிஸ்க்கின் மேல் 'சிஸ்டம்' என்றும் இன்னொன்றின் மேல் 'ஹோம்' என்றும் எழுதினான். பார்ட்டிஷன்களுக்கும் அதே பெயரில் லேபிள் வைத்தான்.

2013 மே மாதம் டெபியன் 7 வந்தபோதும் அதே பழைய பெட்டிதான். முதலில் காப்பி எடுத்தான். பிறகு அப்கிரேடு ஆரம்பித்து, நீலத் திரையில் வந்த ஒவ்வொரு கேள்வியையும் முழுதாகப் படித்தான். டிஸ்க் பெயரைப் பற்றி ஒன்றுகூட வரவில்லை.